ஈசூன் புளோக்கில் ஆறு பெண்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள ஓர் அடுக்குமாடி புளோக்கில் வசிக்கும் ஆறு பெண்கள், தமிழ்நாட்டிலிருந்து மணமாகி வந்த ஓர் இளம்பெண்ணுக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் துணை நின்ற விதத்தை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் பெண்களுக்குப் படிவங்களையும் அரசாங்கக் கடிதங்களையும் விளக்கிச் சொல்லும் தொண்டூழியப் பணியில் நான் இருந்தபோது இந்த நிகழ்வு என் கவனத்துக்கு வந்தது. சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெயர்களுக்குப் பதிலாக, தாதி அக்கா, தையல் அக்கா, பெரியம்மா என்று அவர்கள் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ளும் முறையையே கையாள்கிறேன். உதவி பெற்றவரை இளையவர் என்று குறிப்பிடுகிறேன்.

பெண்களுக்குப் பெண்களே துணை என்பது நம் மகளிர் தின மேடைகளில் ஆண்டுதோறும் சொல்லப்படுவதுதான். ஆனால் அந்தத் துணை எதனால் நிலைக்கிறது, எங்கே முறிகிறது என்பதை யாரும் உட்கார்ந்து எழுதி வைப்பதில்லை. இந்த நிகழ்வை நெருங்கிப் பார்த்த பிறகு எனக்கு ஏற்பட்ட முடிவு ஒன்று உண்டு. சிங்கப்பூர்த் தமிழர்களைப் போன்ற சிறிய சமூகத்தில், காலையில் தேக்கா சந்தையில் பேசியது மாலைக்குள் வாட்ஸ்அப்பில் ஏறி ஊர்வரை போய்விடுகிற சூழலில், பெண்ணுக்குப் பெண் செய்யக்கூடிய முதல் உதவி, கேட்டதை வெளியே விடாமல் காப்பதுதான். மற்ற உதவிகளெல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன.

பின்னணி

இளையவர் பட்டுக்கோட்டைக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்தவர், வணிகவியல் பட்டதாரி. கணவர் சிங்கப்பூர்க் குடிமகன். குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் வேலை. நாலறை வீட்டில் கணவரின் தாயாரும் உடன் இருந்தார். குழந்தை பிறந்த சில மாதங்களில் தொடங்குகிறது இந்த நிகழ்வு.

குடிமகனை மணந்து வரும் வெளிநாட்டுப் பெண் பெரும்பாலும் நீண்டகால வருகை அனுமதியில்தான் இங்கே தங்குகிறார். அந்த அனுமதிக்கு உள்ளூர்வாசி ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அவர் வழக்கமாகக் கணவர்தான். குழந்தை உள்ள குடும்பங்களுக்கும் மணமாகிச் சில ஆண்டுகள் ஆன தம்பதியருக்கும் உதவும் வகையில் 2012 ஏப்ரலில் ‘பிளஸ்’ என்ற கூடுதல் அனுமதி அறிமுகமானது. அது முதலில் 3 ஆண்டுகளுக்கும், புதுப்பிக்கும்போது 5 ஆண்டுகள் வரையிலும் கிடைக்கக்கூடும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பதற்றத்தை அது குறைத்தது உண்மை. ஆனால் புதுப்பிக்கும் நேரத்தில் கணவரின் ஒப்புதல் வேண்டும் என்ற நிலை மாறவில்லை. வீட்டில் சிறு மனத்தாங்கல் வந்தாலும், “விசாவுக்கு யாரு கையெழுத்துப் போடுறா, பாக்கலாம்” என்ற ஒரே வாக்கியம் எல்லாப் பேச்சையும் நிறுத்திவிடும். அதே வாக்கியத்தை வெவ்வேறு வீடுகளின் கதையாக நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

இளையவரின் கடப்பிதழ் மாமியாரின் அலமாரியில் இருந்தது. அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் கணக்கை அவருக்குத் தொடங்கியவர் கணவர். மறைச்சொல் அவரிடம் இருந்தது, கணக்கோடு இணைத்திருந்த கைப்பேசி எண்ணும் அவருடையதே. தன் பெயரில் வங்கிக் கணக்கு இல்லை. ஊருக்குப் பேசும்போது பெரும்பாலும் மாமியார் பக்கத்தில் இருப்பார். கணவர் அடித்ததில்லை, கோபத்தில் ஒருமுறை மனைவியின் கைப்பேசியைச் சுவரில் எறிந்து உடைத்திருக்கிறார். அடி இல்லை என்பதால் தனக்கு நடப்பதைக் கொடுமை என்று இளையவரே எண்ணவில்லை. ‘புகுந்த வீட்டில் இப்படித்தான் இருக்கும்’ என்பதே அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பெண்களையும் குடும்பத்தையும் காக்கும் சட்டமான மாதர் சாசனத்தில் 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தங்கள், குடும்ப வன்முறை என்பது உடலுக்கு இழைக்கும் தீங்கு மட்டுமன்று, பாலியல் கொடுமையும் உணர்வையும் மனத்தையும் நசுக்கும் கொடுமையும் அதில் அடங்கும் என்பதைத் தெளிவாக்கின. இந்தச் சாசனத்துக்கே பெண்கள் கூடிப் போராடிய வரலாறு உண்டு. 1952இல் அமைந்த சிங்கப்பூர் மாதர் மன்றம், பல இனப் பெண்களையும் ஒன்றுசேர்த்து, ஷிரின் ஃபோஸ்தார் போன்றவர்களின் முயற்சியால், ஆண் பல மனைவியரை மணக்கும் வழக்கத்துக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தது. சாசனம் 1961 மே மாதம் நிறைவேறி அதே ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பு இங்கிருந்த இந்து ஆண்கள் வழக்காற்றின்படி ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை மணக்க முடிந்தது. நம் பாட்டிமார் சிலருக்கு ‘சின்ன வீடு’ என்பது ஊர்ப்பேச்சு அன்று, தங்கள் வீட்டு நிலவரம் என்பதை இப்போதுள்ள இளம்பெண்கள் அறிந்திருப்பது நல்லது.

ஆறு பேர் சேர்ந்தது

இந்த அறுவரும் ஒரு நோக்கத்தோடு கூடிய குழுவினர் அல்லர். ஓய்வுபெற்ற தாதி ஒருவர், அண்டை வீட்டுப் பெண் மார்பக ஊடுகதிர்ப் பரிசோதனைக்கான அழைப்புக் கடிதத்தைப் பயத்தில் மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்ததைப் பார்த்து, “நானும் வரேன், சேர்ந்தே போவோம்” என்று கூட்டிச் சென்றார். 50 வயதைக் கடந்த பெண்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டிய பரிசோதனை அது. தேசியத் திட்டமாகவே 2002 முதல் நடக்கிறது. சிங்கப்பூர்ப் பெண்களை மிக அதிகமாகத் தாக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். அடுத்த முறை நால்வர் போனார்கள், பிறகு அறுவர் ஆனார்கள். திரும்பும் வழியில் காப்பிக்கடையில் உட்கார்ந்து பேசியது மாதந்தோறும் கூடும் பழக்கமானது.

அந்தக் கூட்டத்துக்கு எழுதாத சில விதிகள் இருந்தன. யாரையும் மருத்துவமனைக்கோ அரசாங்க அலுவலகத்துக்கோ தனியாக அனுப்புவதில்லை. அலுவலக முகப்பில் கேட்டு உறுதிசெய்யாத எதையும் யோசனையாகச் சொல்வதில்லை. கைமாற்று கொடுப்பதில்லை, சீட்டும் பிடிப்பதில்லை. சீட்டுத் தொழிலுக்குச் சிங்கப்பூரில் தனிச் சட்டமே இருக்கிறது என்பது ஒருபுறம் இருக்க, சீட்டுப் பணத்தால் உடைந்த நட்புகளைப் பெரியம்மா நிறையப் பார்த்திருந்தார். பணம் கலக்காததால்தான் இவர்கள் இத்தனை ஆண்டுகள் முகம் கோணாமல் இருக்கிறார்கள் என்பது என் கணிப்பும்கூட. கேட்டதைக் கணவரிடமும் சொல்லக் கூடாது என்ற விதி மட்டும் அப்போது இல்லை. அது பின்னால், அடிபட்டு வந்த விதி.

ஒரு ரவிக்கையின் கழுத்து

இளையவரை முதலில் கவனித்தவர் தையல் அக்கா. புளோக்கின் கீழ்த்தளத்தில் குழந்தைத் தள்ளுவண்டியோடு உட்கார்ந்திருந்தவரின் ரவிக்கையை அவர் பார்த்தார். பின்கழுத்து வளைவில் வைத்திருந்த பைப்பிங் ஓரிடத்திலும் சுருங்காமல், நூல் பிடித்ததைப் போல் ஓடியது. கொக்கிகளைக் கடைத் தையலில் நாலு சுற்றுச் சுற்றிவிடுவார்கள். இதில் ஒவ்வொரு கொக்கியின் காலும் காஜாத் தையலால் நெருக்கமாகக் கட்டப்பட்டிருந்தது. அக்குளில் துணி இழுக்காமலிருக்கச் சின்னதாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருந்தது. “யாரும்மா தைச்சது?” என்று கேட்டார். “நாந்தான் அக்கா, கையாலேயே” என்று பதில் வந்தது. வீட்டில் தையல் இயந்திரம் இல்லை.

இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். துன்பத்தில் இருக்கும் பெண்ணை அணுகுகிறவர்கள் பெரும்பாலும் துன்பத்தைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். “வீட்டுல எல்லாம் நல்லா பாத்துக்கிறாங்களா?” என்ற கேள்வி அன்பாகத்தான் வருகிறது, ஆனால் அதற்குப் பதில் சொன்னால் புகுந்த வீட்டைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும், சொல்லாவிட்டால் பொய் சொன்னதாகிவிடும். தையல் அக்கா அவரை ஒரு தையல் கலைஞராகப் பார்த்துப் பேசினார். சிங்கப்பூருக்கு வந்த பிறகு தன்னிடம் உள்ள ஒன்றை ஒருவர் வியந்து கேட்டது அதுவே முதல் முறை என்று இளையவர் பின்னர் என்னிடம் சொன்னார். ரவிக்கை அளவு பார்க்கப் போவதாகச் சொன்னால் மாமியாரும் தடுக்கவில்லை. ஒரு வாசல் திறந்தது.

சில வாரங்களுக்குப் பிறகு, ஒன்றொன்றாக விவரங்கள் வந்தன. தாதி அக்கா எதையும் தோண்டிக் கேட்கவில்லை. தையல் அக்காவின் அளவு நோட்டில், மார்பளவு, இடுப்பளவு, தோள் என்று எழுதும் பக்கத்தின் கீழே 1800-777-0000 என்று எழுதி, “இத மனசுல வெச்சுக்க, போன்ல பதியாதே” என்று மட்டும் சொன்னார். குடும்ப வன்முறைக்கும் பாலியல் தொல்லைக்கும் உதவி கோருவதற்கான தேசியத் தொலைபேசிச் சேவை எண் அது. 2021 ஜனவரியிலிருந்து 24 மணி நேரமும் இயங்குகிறது. கணவர் கைப்பேசியைப் பார்ப்பார் என்பதால் எண்ணைப் பதிவு செய்ய முடியாது. ஆனால் எளிதில் மனப்பாடமாகிவிடும் எண். இளையவர் அதை ஒருமுறைகூட அழைக்க நேரவில்லை. எண் தெரியும் என்பதே அவருக்கு இரவில் தூக்கம் கொடுத்தது என்றார்.

கசிந்தது

பிறகு நடந்ததை மென்மையாக்கிச் சொல்ல விரும்பவில்லை. அறுவரில் ஒருவர் தம் கணவரிடம் பேச்சுவாக்கில் சொன்னார். கணவர் தம் தங்கையிடம் சொன்னார். அந்தத் தங்கையின் புகுந்த வீடு பட்டுக்கோட்டைப் பக்கம். ‘உங்க பொண்ணு அங்க கஷ்டப்படுதாமே’ என்ற செய்தி இளையவரின் தாயாருக்குப் போய், அவர் அழுதுகொண்டே சம்பந்தியை அழைக்க, மறுநாளே இளையவர் கீழே இறங்குவது நின்றது. தையல் அக்கா கதவைத் தட்டியபோது, “அவளுக்கு ரவிக்கை ஒண்ணும் வேணாம்” என்று மாமியார் கதவிடுக்கிலிருந்தே சொல்லி அனுப்பிவிட்டார். மாதக்கணக்கில் இந்த நிலை நீடித்தது.

சொன்னவருக்குத் தீய எண்ணம் எதுவும் இல்லை. அவர் பரிதாபப்பட்டுத்தான் சொன்னார். வம்பு பேசுகிறவரிடம் நாம் எச்சரிக்கையாக இருப்போம். இரக்கத்தால் பேசுகிறவரிடம் அப்படி இருப்பதில்லை, அதனால்தான் இரக்கத்தால் கசியும் செய்தி அதிக சேதம் செய்கிறது. அவர் எல்லார் முன்னிலையிலும் தாமே நடந்ததைச் சொன்னார். அவரை விலக்கிவிடலாம் என்று இருவர் கருதினார்கள், பெரியம்மா ஒப்பவில்லை. விலக்கினால் அவர் வெளியே போய்த் தம் தரப்பைச் சொல்வார், இளையவரின் கதை இன்னும் பரவும் என்பது அவர் வாதம். அதன் பிறகு வந்ததுதான் அந்த விதி: ஒருவரைப் பற்றி அறிந்ததை, அவர் அனுமதி இல்லாமல், குழுவுக்குள்ளேயும் இன்னொருவரிடம் சொல்வதில்லை. தாதியாக 30 ஆண்டுகளுக்கு மேல் நோயாளிகளின் குறிப்பேடுகளைக் காத்தவர் சொன்ன விதி என்பதால் அதை எல்லாரும் மதித்தார்கள்.

மாமியாரிடம் போன வழி

மூடிய கதவைத் திறந்தவர் பெரியம்மா. அவர் இளையவரைத் தேடிப் போகவில்லை. மாமியாரோடு காலை நடைக்குப் போகத் தொடங்கினார். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. மாமியாரும் 1980களில் ஊரிலிருந்து மணமாகி வந்தவர், இளம் வயதில் கணவரை இழந்து, அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்து மகனை வளர்த்தவர். நீள நடந்த பேச்சில் கடப்பிதழ் ஏன் அலமாரியில் இருக்கிறது என்பது வெளிப்பட்டது. தெரிந்த குடும்பம் ஒன்றில் மருமகள் பேரக்குழந்தையோடு ஊருக்குப் போனவர் திரும்பவே இல்லை. குழந்தைகளை நாடு விட்டு நாடு கொண்டுசெல்வது பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்பாட்டில் சிங்கப்பூர் சேர்ந்துள்ளது, இந்தியா சேரவில்லை. ஆகவே அத்தகைய குழந்தையைத் திரும்ப வரவழைப்பது எளிதன்று. உடன்பாட்டின் பெயர் அந்த அம்மாவுக்குத் தெரியாது, ஆனால் அச்சத்துக்கு அடிப்படை இருந்தது. மருமகளை அடைத்து வைத்ததை அந்த அச்சம் நியாயப்படுத்திவிடாது. ஆயினும், எதற்குப் பயப்படுகிறார் என்று தெரியாமல் அவரிடம் எதையும் கேட்டுப் பெற்றிருக்க முடியாது.

பெரியம்மா தம் பழைய இந்தியக் கடப்பிதழை ஒருநாள் எடுத்துக் காட்டினார். அது இந்திய அரசாங்கத்தின் உடைமை என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. “இது உன்னோடதும் இல்ல, அவளோடதும் இல்ல, ஆனா அவ பேருல இருக்கு. தொலைஞ்சா யாரு பதில் சொல்றது?” என்று கேட்டார். உரிமை பற்றிய பேச்சாக இருந்தால் சண்டையாகியிருக்கும். பொறுப்பைப் பற்றிய பேச்சாக வந்ததால் மாமியார் யோசித்தார். சில நாள்கள் கழித்துக் கடப்பிதழை மருமகள் கையில் அவரே கொடுத்தார். இதை எல்லா நிகழ்வுக்கும் பொருந்தும் வழியாக நான் முன்வைக்கவில்லை. அடியும் மிரட்டலும் உள்ள வீட்டில் அக்கம்பக்கத்தார் சமரசம் பேசப் போவது ஆபத்து. அங்கே முதலில் தேவைப்படுவது காவல்துறையும் நீதிமன்றத்தின் பாதுகாப்பு உத்தரவும்தான்.

சிங்பாஸ், வேலை, வாதங்கள்

2023 பிப்ரவரி இறுதியிலிருந்து நீண்டகால வருகை அனுமதிக்கு அட்டை தருவதில்லை. எல்லாம் மின்னிலக்க வடிவம். தன் அனுமதி எந்தத் தேதியில் முடிகிறது என்பதைப் பார்க்கவே ஒருவருக்குப் பெரும்பாலும் சிங்பாஸ் வேண்டும். ஆகவே மறைச்சொல்லை மாற்றிக்கொள் என்று இருவர் அவசரப்படுத்தினர். தாதி அக்கா தடுத்தார்: மாற்றிய அன்றே கணவருக்குத் தெரியும், தெரிந்தால் என்ன செய்வார் என்று நமக்குத் தெரியாது. குடும்ப சேவை நிலையத்தின் சமூக ஊழியரிடம் முதலில் பேசட்டும் என்றார். என் பார்வையில் இந்த மூன்று ஆண்டுகளில் எடுத்த மிகச் சரியான முடிவு இதுதான். சமூக ஊழியர் கணவரையும் அழைத்துப் பேசிய பிறகு, கைப்பேசி எண்ணை மாற்றுவது கணவருக்கு முன்கூட்டியே தெரிந்த செயலாக நடந்தது. தாதி அக்கா உடன்போக, இளையவர் தாமே முகப்பில் முகத்தைக் காட்டிச் சரிபார்த்து, தம் எண்ணைப் பதிந்து, அனுமதி முடியும் தேதியை முதன்முதலாகத் தம் கையில் பார்த்தார்.

வேலை பற்றிய வாதம் இதைவிடக் கடுமையானது. தையல் அக்காவிடம் தீபாவளிக்கு முன்பு ரவிக்கைகள் குவிந்து கிடந்தன. பத்துப் பதினைந்தை இளையவரிடம் கொடுத்துக் கூலி கொடுக்க அவர் ஆசைப்பட்டார். வேலை செய்வதற்கு மனிதவள அமைச்சு தரும் சம்மதக் கடிதம் இல்லாமல் ஒரு வெள்ளி வாங்கினாலும் பாதிக்கப்படப் போவது இளையவரின் அனுமதிதான். மேலும், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் சிறுதொழில் நடத்தலாம் என்றாலும் அந்த வீட்டில் வசிக்காத ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது. இரண்டையும் தாதி அக்கா கேட்டு உறுதிசெய்துகொண்டு வந்து சொன்னபோது தையல் அக்கா வருந்தினார். “நல்லது செய்யப் போனா சட்டம் பேசுறீங்க” என்று இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை. பின்னர் அவரே முன்னின்று, தமக்குப் பழக்கமான லிட்டில் இந்தியா தையல் கடைக்காரரிடம் பேசி, அந்தக் கடை மனிதவள அமைச்சிடம் முறைப்படி விண்ணப்பிக்க ஏற்பாடு செய்தார். இளையவர் தம் முதல் சம்பளத்தைத் தம் பெயரிலுள்ள கணக்கில் பெற்றார். குழந்தை சிங்கப்பூர்க் குடியுரிமை உடையது. தாய் மாதம் 56 மணி நேரமாவது வேலை செய்தால் குழந்தைப் பராமரிப்பு நிலையக் கட்டணத்துக்குக் கூடுதல் மானியம் உண்டு என்பதால் அந்தச் செலவும் தாங்கக்கூடியதாயிற்று. குழந்தையை மாலையில் அழைத்து வருபவர் மாமியார்.

பாதுகாப்பு உத்தரவுக்கு விண்ணப்பிக்க வேண்டுமா என்ற கேள்வியில் அறுவரும் ஒருமித்த கருத்துக்கு வரவே இல்லை. கைப்பேசியை உடைத்த கை நாளை வேறெதையும் உடைக்கும் என்று ஒருவர் இன்றும் உறுதியாகச் சொல்கிறார். அவர் கருத்தில் நியாயம் உண்டு. இளையவர் விண்ணப்பிக்கவில்லை. எப்படி விண்ணப்பிப்பது, எங்கே போவது, என்ன நடக்கும் என்பதை முழுக்கக் கேட்டறிந்த பிறகு எடுத்த முடிவு அது. அதற்குப் பிறகும் யாரும் அவரை நச்சரிக்கவில்லை, கோபித்துக்கொண்டு விலகவும் இல்லை. துணை நிற்பவர்கள் தம் விருப்பப்படி நடக்காத பெண்ணைக் கைவிடுவதைப் பல இடங்களில் பார்த்து நொந்திருக்கிறேன். இங்கே அது நடக்கவில்லை என்பதை அழுத்தமாகப் பதிவு செய்ய வேண்டும்.

இப்போதைய நிலை

கணவர் ஆலோசனை அமர்வுகளுக்குச் சில காலம் போனார், பிறகு நின்றுவிட்டார். வீட்டில் சத்தம் குறைந்திருக்கிறது. வீட்டுச் செலவுக் கணக்கு இப்போது மேசையில் எல்லாரும் பார்க்க இருக்கிறது. இளையவரின் அனுமதி நீண்ட காலத்துக்குப் புதுப்பிக்கப்பட்டுள்ளது. நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிப்பது பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது. அதற்கும் கணவரின் ஆதரவு வேண்டும். வாரத்தில் ஐந்து நாள்கள் கடைக்குப் போகிறார், கழுத்து வேலை உள்ள ரவிக்கைகளை அவரிடம்தான் கொடுக்கிறார்கள்.

அண்மையில் பக்கத்து புளோக்கில் ஒரு புதுமணப் பெண் வந்திருக்கிறார், திருவாரூர்ப் பக்கம். கர்ப்பகாலப் பரிசோதனைக்கு அவரைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் சென்றவர் இளையவர். அந்தப் பெண்ணின் வீட்டு நிலவரம் எப்படி என்று தையல் அக்கா கேட்டபோது, “அத அவங்கதான் சொல்லணும் அக்கா” என்று பதில் வந்திருக்கிறது. நான் கேட்டபோதும் அதையேதான் சொன்னார்.